நாலாவது விரல்

கோர்ட்டில் அந்த அரிவாளைக் காட்டியபோது நான் முதலில் பார்த்தது அதன் வெட்டுவாயை அல்ல, பிடிக்குள் சொருகும் வாலைத்தான். மரப்பிடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். நூலில் கட்டிய அட்டை ஒன்று அதில் தொங்கியது. வாலின் ஓரத்தில் 4 என்று ஓர் எண் குத்தியிருந்தது. அதற்குக் கீழே, துரு அரித்த பள்ளம் மாதிரி ஒரு சின்னப் புள்ளி. எண்ணை அரசு வழக்கறிஞர் பார்த்தார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். புள்ளியை யாரும் பார்க்கவில்லை. அது என்ன என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள். இன்னொருவன் கொலை வழக்கில் கூண்டில் நின்ற என் அண்ணன்.

"இந்த நாலுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். தட்டச்சு செய்கிறவர் விரல்களை விசைகள்மேல் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மதுரை ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். இரும்புக் கேட்டு, ஜன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று எது வந்தாலும் செய்வான். கோபக்காரன். எங்கள் வீட்டில் கோபம் குடும்பச் சொத்து மாதிரி, பாகம் பிரிக்காமலே எல்லோருக்கும் கிடைத்துவிடும். எனக்கும் உண்டு, ஆனால் நான் அதைச் சாக்பீஸ் எறிவதிலும் நோட்டைக் கிழிப்பதிலும் செலவழித்துவிடுவேன். அவனுக்கு அப்படி ஒரு வடிகால் இல்லை.

எங்கள் ஊருக்கு சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்க வேண்டும். ஆற்றங்கரை ஊர். ஒரு வருடம் அம்மன் கொடைத் திருவிழாவில், சப்பரம் எந்தத் தெருவுக்கு முதலில் திரும்ப வேண்டும் என்று வாய்த்தகராறு. சப்பரம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதைச் சொல்ல அன்றைக்கு அங்கே ஒருவருக்கும் நிதானம் இல்லை. கம்பு வந்தது, பிறகு அரிவாள் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை அண்ணனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், அவன் தலையைக் குறிவைத்து வெட்டினான். அண்ணன் வலது கையைத் தூக்கித் தடுத்தான். சுண்டுவிரல் துண்டாகிச் சப்பரத்துக்கு அடியில் விழுந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் ஐம்பது பேர் மிதித்துவிட்டார்கள். மோதிர விரல் தொங்கியது. ஆஸ்பத்திரியில் அதைத் தைத்து ஒட்டினார்கள். ஆனால் அது மடங்கவே இல்லை. மற்ற விரல்களை மூடினாலும் அது மட்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும்.

பார்க்க வந்தவர்கள், "தலைக்கு வந்தது வெரலோட போச்சுன்னு நெனச்சுக்கிடுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். எங்கள் அம்மாவின் தம்பி, மாமா, மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வெட்டியவன் ஜாமீனில் வந்த அன்றைக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே பேசினார். "வெரல எடுத்தவன் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு ஊருக்குள்ள அலையுதான். குடுத்தவன் கட்டுப் போட்டுக்கிட்டு மூலையில கெடக்கான். நீங்கள்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியளா?" அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், இடது கையால் பிசைந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் மனைவி, என் மதினிதான் அந்தத் தட்டை எடுத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். அண்ணன் கொலைகாரன் ஆகிவிடுவானோ என்கிற பயம். அவன் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், பெரிய வேலையாக, நாள் கணக்கில் இழுக்கிற வேலையாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எங்கள் தலைமையாசிரியை, அந்த வருட அறிவியல் கண்காட்சிக்குப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்றார். "வர்ற பிள்ளைங்க வாயப் பொளக்கணும் டீச்சர்." நான் யோசிக்காமலே சொல்லிவிட்டேன்: குவெட்சல்கோட்லஸ். அந்தப் பெயரை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிவிடும். எங்கள் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதைக் குவெட்சக்கா ஆக்கிவிட்டார்கள்.

குவெட்சக்கா டைனோசர் இல்லை. டைனோசருக்குப் பெரியப்பா மகள் என்று வைத்துக்கொள்ளலாம். பறக்கிற ஊர்வன இனம். இறக்கைகளை விரித்தால் முப்பது அடிக்குமேல் இருக்கும். தரையில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். உடம்பு என்னவோ சின்னதுதான். மிச்சமெல்லாம் கழுத்தும் அலகும் இறக்கையும். பல் கிடையாது. எலும்புகள் குழாய் மாதிரி உள்ளே பொள்ளல், சுவர் மெல்லிசு, உள்ளே குறுக்கே சின்னச் சின்ன முட்டுகள். இதையெல்லாம் படம் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் படத்தை வெல்டிங் மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு இரும்புத்துண்டை வைத்துவிட்டு, ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

"ஏட்டி, இதுக்குச் சுண்டுவெரல எங்க?" என்றான்.

"அது கெடயாதுண்ணே. போயிட்டு. மொத மூணு வெரலும் சின்னது, நகத்தோட இருக்கும். இந்தா, நீளமாப் போகுது பாரு, இது நாலாவது. மோதிர வெரலு. இந்த ஒத்த வெரலுதான் மொத்த றெக்கையையும் தாங்குது."

"மடங்குமா?"

"உள்ளங்கைப் பக்கம் மடங்காது. நடக்கும்போது பின்னால ஒதுக்கி, மேல தூக்கி வச்சுக்கிடும்."

அவன் படத்தின்மேல் தன் வலது கையை வைத்தான். சுண்டுவிரல் இல்லாத கை. மூன்று விரல் மடங்கியிருக்க, மோதிர விரல் மட்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டு, படத்திலிருந்த இறக்கையின் மேல் கிடந்தது. நான் இதை யோசித்து அந்த மிருகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தியமாக அந்த நிமிஷம்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அவனை வேண்டுமென்றே குத்திக்காட்டியதுபோல ஆகிவிட்டதே என்று படத்தை இழுக்கப் போனேன். அண்ணன் சிரித்தான். விரல் போனபிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்ப எனக்கு ஒண்ணும் கொறையலன்னு சொல்லு. றெக்கதான் இனிமே மொளைக்கணும்" என்றான்.

பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தினமும் பள்ளி விட்டதும் நான் பட்டறைக்குப் போய்விடுவேன். மூன்று விரலால் பிடித்து வெல்டிங் வைக்கப் பழகினான். வராதபோது இடது கைக்கு மாற்றினான். அதுவும் கோணியபோது இரும்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். ஒரு நாள் கழுத்தெலும்பு ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நசுக்கியே விட்டான். மறுநாள் வேறு செய்து வைத்திருந்தான். எலும்புகளுக்கு எல்லாம் பைப்பு. ஆனால் அந்த நாலாவது விரலுக்குப் பைப்பு ஆகாது என்று ஒரே பிடி. "ஆடி மாசம் அடிக்கிற காத்துல பைப்பு ஒரே நாள்ல மடங்கிரும். வளைஞ்சு குடுத்துத் திரும்பி வரணும். லாரிப் பட்டதான் சரி" என்றான். லாரியின் அச்சுக்கு மேல் அடுக்கியிருக்குமே, அந்த வில்பட்டை. நாலாவது விரலில் நாலு எலும்பு, ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் போகும். பட்டை அடுக்கும் அப்படித்தான். "பாத்தியா, லாரிக்காரன் நமக்காவே செஞ்சு வச்சிருக்கான்" என்று எட்டுப் பட்டைகளைத் தேடிப் பிடித்து வந்தான். வெல்டிங் சூடு பட்டால் பட்டை உயிரை விட்டுவிடும் என்று, வெட்டி எடுத்ததை எல்லாம் போல்ட் போட்டே கோத்தான்.

எதைச் செய்தாலும் துண்டுக்கு ஒரு எண் குத்துவது அவன் வழக்கம். மாட்டும்போது மாறிவிடக் கூடாது என்பதற்காக. வலது இறக்கைப் பட்டைகளில் 1, 2, 3, 4. இடது இறக்கையில் அதே எண்கள். ஆனால் இடது என்று தெரிவதற்கு எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வைக்கும் முறை நான் சொன்னது. எட்டுப் பட்டையில் எது வலது, எது இடது என்று தெரியாமல் அவன் குழம்பி நின்றபோது, என் கையால் சாக்பீஸை எடுத்து அந்தப் பட்டைகளின் மேல் புள்ளி வைத்துக் காட்டினேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் மதினியையும் கூட்டிக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனான். இந்த மிருகம் நாரை மாதிரி தரையில் நடந்துதான் இரை பொறுக்கியிருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்; நாரை எப்படி நிற்கிறது என்று அவனுக்குப் பார்க்க வேண்டுமாம். குளத்தின் ஓரத்தில் ஒரு நாரை தண்ணீருக்குள் அலகை விட்டு, ஒரு மீனைப் பிடித்தது. மீன் வாலால் அலகை அறைந்தது. நாரை அதைத் தூக்கிப் போட்டு, தலைப்பக்கம் வாய்க்குள் வருகிற மாதிரி ஏந்தி, உயிரோடு விழுங்கியது. கழுத்தில் அந்த மீன் துடித்துக்கொண்டே இறங்குவது வெளியே தெரிந்தது. அண்ணன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "கோவமே இல்லாமக் கொல்லுது பாரு. வேல முடிஞ்சதும் மறந்துருது. நம்மதான் கோவத்துக்குச் சோறு போட்டு வளக்கோம்" என்றான். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆபத்து கழிந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் அன்றைக்கு நம்பினோம்.

மாமா நம்பவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்துகொள்வார். அண்ணனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டுவதைத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. ஒரு தடவை நான் பொறுக்க மாட்டாமல், "மாமா, உங்களுக்கு வீட்டுல வேலை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கு தாயி. இவன் முடிக்க வேண்டிய வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

எலும்புக்கூட்டின்மேல் கேன்வாஸ் துணி இழுத்துத் தைத்து, பிசின் பூசி, பெயிண்டும் அடித்துப் பள்ளி மைதானத்தில் நிறுத்திய அன்றைக்கு, நான் வழக்கமான பொம்பளை வாத்தியார் புத்தியில் கையிலிருந்த சாவியால் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிக்கொண்டே போனேன். வலது விரல் நுனியில் தட்டினால் 'ணங்' என்றது. இடது விரல் நுனியில் 'டொக்' என்றது. பொள்ளல். மறுபடி தட்டினேன். பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பைப்பு.

"என்னண்ணே இது?"

"பட்ட ஒண்ணுல கீறல் விட்டிருந்துச்சு. பைப்பு போட்டுட்டேன். பைய மாத்திக்கிடலாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இரண்டு இறக்கையும் எடை ஒத்துவர வேண்டும் என்று கால் கிலோ வித்தியாசத்துக்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டவன் அவன். லாரிப் பட்டையைத்தான் அடித்து நீட்டி அரிவாள் செய்வார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நாலாவது எலும்பு இரண்டடி நீளம். அரிவாளுக்கு அளவெடுத்த நீளம். எனக்கு அந்த நொடியே எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் கண்காட்சி. தலைமையாசிரியை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் பேசவில்லை. என்னை நான் மன்னிக்காத இடம் இதுதான்.

கண்காட்சி அன்றைக்கு ஜெபம் சொல்லித்தான் திறந்தார்கள். அதற்கு முன்பே அண்ணன் யாருக்கும் தெரியாமல் குவெட்சக்காவின் கால் நகத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தான். தலைமையாசிரியை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. கையூன்றி எம்பப்போகிற நிலையில் அதை நிறுத்தியிருந்தான். அது காலால் குதித்து அல்ல, கையால் தரையை உந்தித்தான் எழும்பியிருக்கும் என்று நான் சொன்னதிலிருந்து அவனுக்கு அந்த நிலை மேல் ஒரு கிறுக்கு. மைதானத்தின் ஓரத்தில், கையைப் பாக்கெட்டில் ஒளிக்காமல், எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

கண்காட்சி முடிந்த பதின்மூன்றாம் நாள் காலை, அண்ணன் விரலை வெட்டிய எதிராளி ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு படி ஏறி வந்தான். அண்ணன் மேல்படியில் நின்றான். அரிவாள் இடது கையில். முதல் வெட்டு தோளில் இறங்கியது. எதிராளி கையைத் தூக்கினான். யாருக்குமே கை தானாக எழும்பத்தான் செய்யும். இரண்டாவது வெட்டில் விரல்கள் போயின. திரும்பி ஆற்றை நோக்கி ஓடினான். நாலு படி இறங்குவதற்குள் கழுத்தில் விழுந்தது. அதற்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. சோப்பு டப்பா தண்ணீரில் மிதந்து போனது என்றும், படியிலிருந்து இறங்கிய ரத்தம் தான் துவைத்த வெள்ளை வேட்டியில் ஏறியது என்றும் அங்கே துணி துவைத்த ஒருத்தி போலீசில் சொன்னாள். கோர்ட்டில் அவளே, "நான் ஒண்ணும் பாக்கல" என்றாள். நாரையைப் பார்த்து வந்த என் அண்ணன் நாரை மாதிரிக் கொல்லவில்லை. வளர்த்து வைத்திருந்த கோபம் முழுவதையும் அந்தப் படியில் இறக்கினான்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையை வக்கீல் என்னிடம்தான் படித்து விளக்கச் சொன்னார். வலது கை, நான்காம் விரல், முதல் எலும்பு முழுதாகத் துண்டிக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. பட்டறை மேசையில் படம் போட்டு நான் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே எலும்பு.

அண்ணனை ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தான். ஆனால் கண்ணில் பழைய சிவப்பு இல்லை. "கோர்ட்டுல கேட்டா உள்ளதச் சொல்லிருட்டி" என்றான். "இங்கன எனக்கு ஒறக்கம் வருது." விரக்தியில் பேசுகிறான் என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அவன் வாழ்நாளில் அதைவிடத் தெளிவாகப் பேசியதே இல்லை.

போலீஸ் அரிவாளை ஆற்று மணலுக்குள்ளிருந்து எடுத்திருந்தது. ரேகையும் ரத்தமும் தண்ணீரோடு போய்விட்டன. பார்த்த சாட்சிகள் எல்லாம் பல்டி அடித்துவிட்டார்கள். மிஞ்சியது அந்த 4. பட்டறையில் எண் குத்தும் உளி கிடைத்தது. எந்தப் பட்டறையில்தான் அது இல்லை என்றார் எங்கள் வக்கீல். நான் தினமும் அங்கே இருந்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். குவெட்சக்காவின் துணியைக் கிழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோர்ட் வராந்தாவில் மதினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒத்த வார்த்த பிள்ள. தெரியாதுன்னு சொல்லிரு. என்னையும் எம்பிள்ளையையும் நெனச்சுப் பாரு."

"இந்த நாலுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அண்ணனைப் பார்த்தேன். அவன் லேசாகத் தலையை அசைத்தான். சொல் என்று அர்த்தம்.

"தெரியாது" என்றேன். தட்டச்சு செய்கிறவர் அதைத் தட்டினார்.

அண்ணன் விடுதலை ஆனான். மாமா வெடி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். மறுபடி பட்டறையைத் திறந்தான். வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை செய்வான். ஆனால் வெல்டிங் வைக்கும்போது முகமூடியைக் கவிழ்த்துத்தானே ஆக வேண்டும்? ஐந்தாம் மாதம், பட்டப்பகலில், முகமூடிக்குள் நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பின்பக்கமாக வந்து மூன்று பேர் வெட்டினார்கள். அவன் கையைத் தூக்கவில்லை. வருவது தெரிந்தால்தானே தூக்க? வெல்டிங் ராடு கம்பியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர் வந்து மெயினை அணைக்கும்வரை இரைந்துகொண்டே இருந்ததாம். நான் போனபோது முகமூடியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தவள் மதினி.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போனபிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உள்ள கெடந்திருந்தா வாரத்துக்கு ஒருக்க மனு போட்டாவது பாத்திருப்பேன்" என்றாள். பிறகு, "நான்தான பிள்ள தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன்" என்றாள். என்மேல் பழி போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. குவெட்சக்கா இப்போதும் மைதானத்தில் நிற்கிறாள். ஆடிக்காற்று அடிக்கும்போது வலது இறக்கை வளைந்து கொடுத்து, அதிர்ந்து, பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். இடது இறக்கையின் நுனி முதல் ஆடியிலேயே மடங்கித் தொங்கிவிட்டது. பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று தலைமையாசிரியை இந்த வருடம் ஒரு வெல்டரை வரவழைத்தார். தூத்துக்குடிக்காரர், என் அண்ணனைத் தெரியாதவர். ஏணி போட்டு ஏறித் துணியைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "யாரு டீச்சர் இத செஞ்சது? எல்லா வெரலும் பட்டயில போட்டுட்டு, இது ஒண்ணுல மட்டும் பைப்பச் சொருகியிருக்காங்களே?" என்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் புதுப்பட்டை ஒன்றை அளவாக வெட்டிக்கொண்டு வந்தார். மாட்டுவதற்கு முன்னால் மற்றப் பட்டைகளைத் துடைத்துப் பார்த்தவர், எண்களைக் கண்டுவிட்டார். வேலை தெரிந்தவர், முன்னால் செய்தவனின் முறையை மாற்ற மனம் வரவில்லை.

"எல்லாத்துலயும் நம்பர் குத்தியிருக்கு டீச்சர். இதுல என்ன குத்தணும்?"

"நாலு" என்றேன். "அடியில ஒரு புள்ளி வச்சிருங்க."

அவர் உளியை வைத்து ஒரே அடி அடித்தார். பிறகு புள்ளிக்கு ஒரு அடி. "புள்ளி எதுக்கு டீச்சர்?"

"இடது றெக்கைன்னு அர்த்தம். எங்க அண்ணன் அப்பிடித்தான் குத்துவான்" என்றேன்.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.